அந்த 90 சதவீதக் கணக்கு

கணவனும் மனைவியும் சில நிமிடம் வாக்குவாதம் செய்வதைப் பார்த்தே, பிரிவார்களா என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவார் என்கிறது, தம்பதியர் சண்டை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு, அதே தம்பதியரின் தரவுக்குப் பொருந்தும்படி சூத்திரம் போட்டுக் கிடைத்த எண் அது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற மாதிரி. ஹேமன், ஸ்லெப் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல், தம்பதியரில் ஒரு குழுவின் தரவை வைத்து உருவாக்கிய சூத்திரத்தை இன்னொரு குழுவுக்குப் போட்டுப் பார்த்தார்கள். துல்லியம் நன்றாகவே இறங்கியது. அதற்காக சியாட்டிலில் காட்மன் நடத்திய ஆய்வுகள் வீண் என்று சொல்லவில்லை. ஏளனப் பேச்சு உறவை அரிக்கும் என்பதெல்லாம் சரிதான்.

கட்டுரை தொடாத விஷயம், ஒருவர் மாற்றம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் மற்றவர் பேச்சிலிருந்து நழுவுவதும். 'பெண்கள் நச்சரிப்பார்கள், ஆண்கள் பேசாமல் இருப்பார்கள்' என்று முடித்துவிடுகிறோம். கிறிஸ்டென்சன், ஹெவி என்ற ஆய்வாளர்கள் 1990-இல் தம்பதியரை அழைத்து, குழந்தை வளர்ப்பில் மனைவி விரும்பும் மாற்றம் ஒன்றையும் கணவன் விரும்பும் மாற்றம் ஒன்றையும் தனித்தனியே பேச வைத்தார்கள். மனைவியின் விஷயத்தில் நாம் பார்த்துப் பழகிய அதே காட்சி. கணவனின் விஷயம் வந்ததும் அந்த ஆண் பெண் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆக, மாற்றம் யாருக்குத் தேவை என்பதும் இதில் கலந்திருக்கிறது. வீட்டு வேலைப் பங்கீட்டை யார் கேட்கிறார்கள், யார் செல்போனைப் பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கிறிஸ்டென்சன் குழு 2006-இல் பிரேசில், இத்தாலி, தைவான், அமெரிக்கா என நான்கு நாடுகளில் இதை ஆராய்ந்தது. இந்தியா அதில் இல்லை. மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று அந்தக் கட்டுரையின் ஆசிரியர் எழுதினால் படிக்க ஆசை.