48-ஐ நிறுத்தியதில் இன்னும் வயிறு எரிகிறது

லண்டனில் 48-ஆம் எண் பேருந்தை 2019 அக்டோபர் 12-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். வால்தம்ஸ்டோவில் ஏறினால் லீ பிரிட்ஜ் ரோடு, ஹாக்னி, ஷோர்டிச், லிவர்பூல் ஸ்ட்ரீட் வழியாக லண்டன் பிரிட்ஜில் இறங்கலாம். ஒரே வண்டி, ஒரே இருக்கை.

பாதி வழி 55-ஆம் எண்ணும் அதே சாலையில்தான் போகிறதாம், நகர மையத்தில் கூட்டமும் குறைந்துவிட்டதாம். அதனால் 55-ஐ வால்தம்ஸ்டோ வரை நீட்டிவிட்டு 48-ஐ எடுத்துவிட்டார்கள். சரி, 55 ஷோர்டிச் தாண்டியதும் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் பக்கம் திரும்பிவிடுமே! லண்டன் பிரிட்ஜ் போகிறவர்கள் நடுவழியில் இறங்கி, அடுத்த நிறுத்தத்தைத் தேடி நடந்து, 149-க்குக் காத்து நிற்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் கூடுதல் கட்டணம் இல்லை என்பார்கள். காசா பிரச்சினை? முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கு, கைக்குழந்தையோடு வருபவருக்கு, நவம்பர் மழையில் அந்த மாறுதல்தான் பெரும்பாடு. வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றாகப் போனால் ஒன்று வீண் என்று முடிவெடுப்பவர்கள், அந்தக் கோடு எங்கே பிரிகிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டாமா?