‘ஜெப்பர்டி’ நேரலையும் இல்லை, ஏபிசி தயாரிப்பும் இல்லை

"அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியான ‘ஜெப்பர்டி’யை ஏபிசி தொலைக்காட்சி நேரலையில் நடத்துகிறது, சிகாகோவில் மதியமே காட்டிவிடுவதால் நியூயார்க்கில் இரவு வருவது மறுஒளிபரப்பு" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. மூன்றும் தவறு.

நிகழ்ச்சியைத் தயாரிப்பது சோனி. 1964 முதல் 1975 வரை என்பிசி என்ற இன்னொரு தொலைக்காட்சி நெட்வொர்க்கில் ஓடியது. 1984 செப்டம்பரில் திரும்பி வந்தபோது, ஒரே நெட்வொர்க்குக்குக் கொடுக்காமல் ஊர் ஊராக நிலையங்களுக்கு உரிமம் விற்றார்கள். சிண்டிகேஷன் என்பது இதுதான். எத்தனை மணிக்குப் போடுவது என்பது அந்தந்த நிலையத்தின் முடிவு. சிகாகோவில் 3:30க்கும் நியூயார்க்கில் 7 மணிக்கும் வருவது அதே நாளின் அதே அத்தியாயம். இரண்டு நிலையங்களும் ஏபிசிக்குச் சொந்தம் என்பதால் குழப்பம் வந்திருக்கலாம். ஏபிசி நெட்வொர்க்கில் வருபவை பிரபலங்கள் பங்கேற்கும் சுற்று போன்ற சிறப்புத் தொடர்கள்தான்.

சரி, நேரலையா? கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஒரே நாளில் ஐந்து அத்தியாயங்களைப் பதிவு செய்கிறார்கள். வென்றவர் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்து ‘மறுநாள்’ போட்டிக்கு நிற்பார். இதைவிடத் தெளிவான சான்றும் உண்டு. நிகழ்ச்சியை 36 ஆண்டுகளுக்கு மேல் தொகுத்து நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் 2020 நவம்பர் 8 அன்று காலமானார். அதற்குப் பத்து நாள் முன்புவரை, கடும் புற்றுநோயோடும் அரங்குக்கு வந்து பதிவுசெய்தார். அவருடைய கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானது 2021 ஜனவரி 8 அன்று.

மறுஒளிபரப்பே கிடையாது என்றும் சொல்ல முடியாது. கோடை விடுமுறையில், செப்டம்பரில் புதிய பருவம் தொடங்கும்வரை, பழைய அத்தியாயங்கள் வரும்.