ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது

"டீசல் பிக்கப்பில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆனதும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கட்டாயம் மாற்ற வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஸ்டார்ட்டர் என்பது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டார்; வண்டி ஓடும்போது அது வேலை செய்வதே இல்லை. சாவி திருப்பும் அந்தச் சில நொடிகளில்தான் அது தேய்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கலாம். நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டியில் சீக்கிரமே போய்விடும்.

டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம், அதனால் சுற்றவைக்க ஏராளமான கரண்ட் வேண்டும். பேட்டரி தளர்ந்தாலோ க்ளோ பிளக் (கிளப்பும் முன் எஞ்சினின் எரி அறையைச் சூடாக்கும் பாகம்) வேலை செய்யாவிட்டாலோ, ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் இழுத்துச் சூடேறும். ஆயுளைத் தின்பது இதுதான்.

அப்புறம், 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பேட்டரி முனையையும் எர்த் கேபிளையும் (பேட்டரியின் நெகட்டிவை வண்டி உடலோடு இணைப்பது) பாருங்கள். அவை சரியாக இருந்தால் சாலினாய்டை, அதாவது ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் மின்காந்த ஸ்விட்சை, திறந்து பார்க்கலாம். உள்ளே செப்பு கான்டாக்ட் கருகி, ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும். பல மாடல்களில் அதை மட்டும் மாற்றினாலே போதும். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை மறக்காமல் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது, ஷார்ட் ஆனால் கரண்டைத் துண்டிக்க எதுவும் இல்லை.