கவாத்து மரக்கொலை அல்ல

கவாத்து செய்த, அதாவது வேண்டாத கிளைகளை அறுத்து நீக்கிய, என் முந்திரித் தோப்பின் படத்தை எடுத்துத் தம் பக்கத்தில் போட்டு, அதற்கு மேல் 'மரக்கொலை' என்று நண்பர் ஒருவர் எழுதியதையும், கீழே வந்து விழுந்த வசவுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேசாமல் கடந்துவிடவே நினைத்தேன், முடியவில்லை. முந்திரியைக் கவாத்து செய்தால் மகசூல் கூடும். காலமறிந்து, அளவறிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முந்திரி அந்தப் பருவத்தில் விட்ட புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். வெயில் படாத கிளையில் தளிரும் குறைவு, பூங்கொத்தும் குறைவு. பண்ருட்டிப் பக்கம் பராமரிப்பில்லாத பழைய தோப்பு ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள்: வெளிவிளிம்பில் மட்டும் காய் தொங்கும், உள்ளே காய்ந்த குச்சிகளும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளுமாக இருட்டிக் கிடக்கும். காய்ந்ததையும் நோய்பட்டதையும் குறுக்கே ஓடுவதையும் நீக்கி வெளிச்சத்தை உள்ளே விடுவதுதான் கவாத்து. கொட்டை பொறுக்கி முடித்து ஆனி, ஆடியில் இதைச் செய்தால், மரம் மழைக்காலத்தில் தளிர்த்துத் தை, மாசியில் பூக்கும். கார்த்திகையில் போய் அரிவாளை வைத்தால், வரவிருந்த பூவைத்தான் வெட்டுகிறோம்; அப்படிச் செய்துவிட்டுக் காய் போயிற்று என்பவர்களுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

"எங்கள் தாத்தா எந்த மரத்தைக் கவாத்து செய்தார்?" என்று கேட்கிறார்கள். தாத்தா கொட்டை ஊன்றி, மரத்துக்கு மரம் தாராளமாக இடம் விட்டு வளர்த்தார். இன்று ஒட்டுக்கன்றை 7 மீட்டருக்கு ஒன்றாகவும், அடர்நடவென்றால் 5க்கு 4 மீட்டரிலும் நடுகிறோம். விட்டால் சில ஆண்டுகளிலேயே கிளைகள் பின்னிக்கொள்ளும். கவாத்துக்கு ஆள் வைத்தால் கூலி கட்டுப்படியாகவில்லை என்று சிலர் சொல்வது உண்மைதான். அதற்கும் கொலைக்கும் என்ன தொடர்பு?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, எங்கள் தோப்பில் வேரோடு சாய்ந்தவை போக, மிஞ்சியவை கிளை பிளந்து நின்றன. அப்பா பிளந்த கிளைகளைக் கைவாளால் மட்டமாக அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாணத் தடுப்புப் பசை) தடவினார். அடுத்த தோப்பில் அப்படியே விட்டார்கள். அந்த மரங்களில் தண்டுத்துளைப்பான் புழு புகுந்து, தூரில் இருந்த ஓட்டைகளிலிருந்து பிசினும் மரத்தூளும் கலந்து வழிந்ததை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பா அறுத்த மரங்களில் இன்றும் கொட்டை பொறுக்குகிறோம். மரங்களைப் பறிகொடுத்து ஊரே அழுததைப் பார்த்து வளர்ந்தவனையா கொலைகாரன் என்கிறீர்கள்?

என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மரத்தில் ஏறிக் கிளையறுத்த பெரியவருக்கு, அவர் பேத்தி அந்தப் பதிவைக் கைப்பேசியில் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் வேலைக்கு வந்தவர், "நான் மரத்தக் கொன்னுட்டனா தம்பி?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் முந்திரிக்காட்டில் உழைத்தவர் அவர். எனக்கு மறுப்பு எழுதாவிட்டாலும் போகட்டும்; அந்த நண்பர் தோப்புக்கு வந்து அவரிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.