புதுக் கிளட்ச் ‘ஓடி ஓடிச் சரியாகும்’ என்பது தவறு

வாழப்பாடி அண்ணன் தன் பழைய டிராக்டருக்குப் புதுக் கிளட்ச் போட்டபின் கியர் விழாமல் அரைக்கிறது என்று கேட்டிருந்தார். “ஒரு வாரம் உழுங்கள், பிளேட் தேய்ந்து தானாகச் சரியாகும்” என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். அரைபடுவது கியர் பற்கள். அவை உடைந்தால் செலவு கிளட்ச்சோடு நிற்காது.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுகிறதா? அப்படியானால் சந்தேகம் கிளட்ச் பக்கம்தான். அடுத்து இன்ஜின் ஓடும்போது பெடலை முழுக்க மிதித்து, சில நொடி பொறுத்துப் போடுங்கள். பழைய கியர் பெட்டியில் ஷாஃப்ட் (சுழல் தண்டு) சுழல்வது நிற்கச் சற்று நேரம் பிடிக்கும், அது இயல்பு. பொறுத்த பிறகும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள்.

பெடலைக் கையால் அழுத்தி, பாரம் தட்டும்வரை எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று அளந்து, அந்த வண்டியின் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். தளர்வு அதிகமானால் கிளட்ச் விடாது. அறவே இல்லாவிட்டால், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசித் தேயும், பிளேட்டும் வழுக்கும். இந்தத் தளர்வைப் பெடலோடு இணைந்த கிளட்ச் கம்பியின் நட்டிலேயே சரிசெய்யலாம்.

அளவு சரியாக இருந்தும் அரைத்தால், கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம், அல்லது அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் (விடுவிக்கும் நெம்புகோல்கள்) ஒரே உயரத்தில் இல்லாமல் இருக்கலாம். திருப்பி மாட்டினால், பிளேட்டின் நடுப்பகுதி துருத்திய பக்கம் ஃபிளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) போல்ட்டில் இடிக்கும். எத்தனை நாள் உழுதாலும் அது மாறாது. வண்டியை மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். அதுவரை ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்காதீர்கள், அண்ணா.