இரண்டும் ஒன்றுதானாம்!

சென்னையில் கேட்ட பொருளைக் கொடுக்கும் கடை ஒன்றாவது உண்டா? "அது இல்லை, ஆனால் இதுவும் அதேதான்" என்று வேறொன்றை நீட்டுவதையே வியாபாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துவரம் பருப்பு வாங்குகிறவர்கள் இதைச் சகித்துக்கொள்ளலாம். வளையம் வளையமாகத் தறையாணி (ரிவெட்) அடித்து, இடைக்காலப் போர்வீரர்கள் அணிந்த இரும்புச் சட்டையைக் கையாலேயே செய்துகொண்டிருக்கும் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. (எதற்கு இந்த வேலை என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் பத்து கிலோ இரும்பைப் போட்டுக்கொள்ள ஒருவன் ஏன் ஆசைப்படுகிறான் என்பதற்கு என்னிடம் கௌரவமான பதில் இல்லை.)

எனக்கு வேண்டியது முலாம் பூசாத, 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்புக் கம்பி. தங்கமோ பிளாட்டினமோ கேட்கவில்லை. பாரிமுனைச் சந்துகளில் இரும்புச் சாமான் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். எல்லோரும் துணி உலர்த்தக் கட்டும், முலாம் பூசிய ஜி.ஐ. கம்பியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். "முலாம் பூசாதது வேண்டும் அண்ணாச்சி" என்றால், "இது துருப்பிடிக்காது தம்பி, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று அறிவுரை வருகிறது. துருப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஐப்பசி மழையில் ஒரே இரவில் மேசைமேல் வைத்த வளையங்கள் செம்பழுப்பாகிவிடுகின்றன. எண்ணெய் பூசிக்கொள்கிறேன், அது என் பாடு.

காரணத்தை விளக்கலாம் என்றால் யாரும் காது கொடுப்பதில்லை. கம்பியைச் சுருளாகச் சுற்றி, வளையங்களாக வெட்டி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் சுத்தியலால் தட்டையாக்குகிறேன். அடிபட்ட இரும்பு விறைத்துப்போகும். விறைத்த இரும்பில் ஆணிக்குத் துளை போட்டால் விளிம்பு பிளந்துகொள்ளும். அதனால் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். முலாமில் இருப்பது துத்தநாகம். 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். செஞ்சூட்டில் காய்ச்சினால் வெள்ளைப் புகையாக எழும்பும். அதைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல்தான். வெல்டிங் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் மாடியில் என்னையே புகைபோட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் "இரண்டும் ஒன்றுதான்".

கனத்திலும் இதே கூத்துதான். இங்கே புழங்கும் பிரிட்டிஷ் அளவில் 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். அமெரிக்காவில் செம்புக் கம்பிக்கு வைத்திருக்கும் அளவில் அதே 16 என்பது 1.3தான். வெர்னியர் காலிப்பரை எடுத்துக் காட்டினால், நான் ஏதோ வருமான வரிச் சோதனைக்கு வந்தவன்போல் பார்க்கிறார்கள். கட்டடக்காரர்களின் கட்டுக்கம்பி மிருதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் என் வளையத்துக்கு மெலிவு. சரியான கம்பி வைத்திருந்த ஒரே இடத்தில் முழுச் சுருளையும் எடுத்தால்தான் தருவார்களாம். கிலோக் கணக்கில் கேட்பவன் வாடிக்கையாளன் இல்லையா?

துளை போடும் கருவிக்கு லேத் பட்டறைக்குப் போனேன். துளையை டிரில் போட்டு எடுக்கக் கூடாது. டிரில் இரும்பைச் சுரண்டி வெளியே தள்ளும். அந்த இத்தனூண்டு தட்டையில் மிச்சம் என்ன இருக்கும்? கூரான முனையால் குத்தினால் இரும்பு விலகிக்கொள்ளும், வலு போகாது. அந்த முனை கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும் என்று படம் வரைந்தும் கொடுத்தேன். பட்டறைக்காரர் சாதாரண இரும்பில் அழகாகக் கடைந்து கொடுத்தார். முதல் நாளே முனை மழுங்கிவிட்டது. "இரும்பு இரும்புதானே சார்" என்கிறார். வாயடைத்துப்போய்த் திரும்பினேன்.

நண்பர்களும் சும்மா இருப்பதில்லை. ஆணி எதற்கு, வளையத்தை வளைத்து முனையோடு முனை சேர்த்தால் போதாதா என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பகட்டுக்காகச் செய்த இந்தியச் சட்டைகள் சில அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அப்படிச் சேர்த்த வளையம் இழுத்தால் வாய் பிளக்கும். ஆணி அடித்தது மெல்லிய கம்பியிலும் பிடிவாதமாக நிற்கும். இன்னொரு மேதை வாஷர் கோத்துவிடச் சொன்னார். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான வாஷரின் வெளிவிட்டம் 16. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அண்டை வளையங்கள் நான்கு நுழைய வேண்டும் ஐயா. அந்தத் தடித்த வாஷரில் எங்கே நுழையும்?

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது, சட்டையைத் தைக்க வேண்டும் என்றால் சிரிப்பதுதான். இரும்புதானே, மூன்று செவ்வகம் செய்து சேர்த்தால் சட்டையாகிவிடும் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். இந்தப் பின்னல் ஒரு திசையில் இழுத்தால் விரியும், குறுக்கே திருப்பினால் பிடிவாதம் பிடிக்கும். விரியும் திசை உடம்பைச் சுற்றி வர வேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் அகலம் வேண்டும், இடுப்பில் ஒடுங்க வேண்டும். இரும்பைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. அகலம் கூட்ட, வரிசையில் ஒரு வளையத்தைக் கூடுதலாக நுழைக்கிறேன். குறைக்க, மேல்வரிசையில் இரண்டைப் பிடிக்க வேண்டிய வளையத்தால் மூன்றைப் பிடிக்கிறேன். பிசகினால் பிரிக்கவும் முடியாது. ஆணி அடித்த வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அது அத்தோடு குப்பை. அரைக்கைச் சட்டைக்கே 20,000 வளையங்களுக்கு மேல் ஆகும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் அக்குள். அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டைக் கூடுதலாகப் பின்னிச் சேர்க்காவிட்டால், கையைத் தூக்கியதும் சட்டை முழுவதும் கூடவே எழும்பும். பத்து கிலோவும் அந்த ஒரு கையில். மாநகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். இதைச் சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொண்டவர் எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர்தான். "கைக்குழி இறங்கிவிட்டால் கை தூக்க வராது தம்பி" என்றார், தையல் இயந்திரத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல். பழைய கைவினைஞர்களுக்கும் தெரிந்திருந்தது. லண்டனின் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சட்டை ஒன்றில் செய்தவரின் பெயர் பொறித்த வளையமே இருக்கிறது. பெயர் போட்டுக்கொள்ளும் அளவுக்கு அது வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க ஆயத்தச் சட்டை ஒன்றை வரவழைத்தேன். உலகமெங்கும் நாடகக் குழுக்களும் பொழுதுபோக்குப் போர்வீரர்களும் வாங்கும் ஆணி அடித்த சட்டைகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் ஏற்றுமதியாகிறது. வளைய வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தது அப்பட்டமான சிலுவை வடிவம். கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. விற்றவரை அழைத்துச் சொன்னேன். ஒரு அளவு பெரிதாக அனுப்புகிறேன் என்றார். பெரிதாக்கினால் கைக்குழி இன்னும் கீழே இறங்கும், இன்னும் மோசமாகும் என்று பொறுமையாக விளக்கினேன். "போட்டோவுக்குத்தானே சார்? கையைக் கீழே தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுதான்" என்றார்.

திருப்பி அனுப்பும் கூரியர் செலவு என்னுடையதாம். அதுவும் எடைக் கணக்கில்.