நெஞ்சுக்கறியும் நான்கு கரண்டி எண்ணெயும்

அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், ஆட்டுக்கறியைக் குறைத்துக்கொண்டு தோல் நீக்கிய கோழிக்கறியைச் சாப்பிடச் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கறிக்கடைக்குப் போய், தோலுரித்த நெஞ்சுக்கறியாகப் பார்த்து அரைக் கிலோ வாங்கி வந்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது, கெட்ட கொழுப்பின் அளவு ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

அடுத்த ஞாயிறு அம்மாவோடு அடுப்பருகே நின்றேன். வறுவலுக்கு அவர் வழக்கமாக ஊற்றும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து பார்த்தால், நான்கு மேசைக்கரண்டி இருந்தது. அது ஏறத்தாழ 55 கிராம். தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் இரண்டரை கிராம்தான் கொழுப்பு. அரைக் கிலோவுக்கு 13 கிராம். கறியில் இயற்கையாக இருந்ததைப்போல நான்கு மடங்கு கொழுப்பை வாணலியில் நாங்களே சேர்த்துக்கொண்டிருந்தோம். குழம்பு வைக்கும் நாட்களில் அரைத்து ஊற்றும் தேங்காய் இந்தக் கணக்கில் வரவில்லை. 100 கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி, இரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு.

அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. "எண்ணெய் கம்மியா ஊத்தினா சக்கை மாதிரி இருக்கு, உங்கப்பா தட்டுல ஒதுக்கி வெச்சிடுறார்" என்றார். அவர் சொன்னது உண்மை. நெஞ்சுக்கறி சக்கையாவதைத் தடுக்கத் தெரியாததால்தான் நம் வீடுகளில் அது எண்ணெயில் மிதக்கிறது என்பதே என் கருத்து.

கோழி நாளெல்லாம் நடக்கிறது, அபூர்வமாகத்தான் பறக்கிறது. ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நிறையத் தேவை. அதனால் தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கிறது, கொழுப்பும் சவ்வும் கூடுதல், நேரம் ஆக ஆக மிருதுவாகிறது. சிறகை அசைக்கும் நெஞ்சுத் தசைக்கு அந்த வேலை இல்லை. வெளுத்து, கொழுப்பு குறைவாக இருக்கிறது. அதை ஆட்டுக்கறியைப் போலவோ நாட்டுக்கோழியைப் போலவோ அரை மணி நேரம் கொதிக்கவிட்டால், இழைகள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் போன நீர் திரும்பாது.

இப்போது எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். கறியை இழை ஓடும் திசைக்குக் குறுக்கே, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்குகிறோம். கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், இடித்த மிளகு, அளவான உப்பு சேர்த்துப் பிசறி இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கிறோம். தயிரின் புளிப்பு கறியை இளக்கிவிடுகிறது. கனமான இரும்பு வாணலியை நன்றாகச் சூடேற்றி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கியதும் கறியைப் பரப்பி, நிறம் மாறும்வரை கிளறாமல் விட்டு, பிறகு திருப்பி மூடிவைத்தால் பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும். கிருமிகளுக்கு அதுவே எல்லை. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கியதிலிருந்து அம்மாவுக்கு "வெந்ததோ இல்லையோ" என்ற பயமும் போய்விட்டது, அந்தப் பயத்தால் கூடுதலாக வேகவைக்கும் பழக்கமும் போய்விட்டது. குழம்பு என்றால் மசாலா முழுவதும் கொதித்துப் பச்சை வாசனை அடங்கிய பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கறி உள்ளே போகும். தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றுகிறோம். கெட்டித்தன்மைக்கு அது தாராளமாகப் போதும்.

வெள்ளைக்கறி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாட்டுக்கறி போன்ற சிவப்புக்கறி உண்டவர்களுக்கும் கோழிக்கறி உண்டவர்களுக்கும் கெட்ட கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது; தாவரப் புரதம் உண்டபோதுதான் அது குறைவாக இருந்தது. ஆகவே பருப்பையும் சுண்டலையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கோழியை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் போதும்; 150 கிராம் நெஞ்சுக்கறியிலேயே அதில் 33 கிராம் கிடைத்துவிடுகிறது. அப்பாவுக்கு அந்த அளவுதான் வைக்கிறோம், கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கூட்டு.

அவருடைய கடைசிப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு இறங்கியிருந்தது. மாத்திரையும் காலை நடையும் சேர்ந்தே அதைச் செய்திருக்கும். தட்டில் கறியை ஒதுக்கி வைப்பது மட்டும் நின்றுவிட்டது. தீபாவளியன்று ஒரு கால் துண்டு வேண்டும் என்று கேட்டார். தோலை உரித்துவிட்டு, அதே தயிரில் ஊறவைத்துச் சுட்டுக் கொடுத்தோம்.